ஆள் முகம் தெரியாத ஏலம்

படம் பொய் சொன்னால் பணமும் போகும், பெயரும் போகும்!

"ஒரு தரம்... இரண்டு தரம்... மூன்று தரம்!"

மதுரைச் சீமையில் இந்தக் குரலைக் கேட்காதவர் இருக்க முடியாது. கண்மாயில் மீன் பிடிக்க ஏலம். சாலையோரப் புளியமரத்துக்கு ஏலம். சந்தை வசூலுக்கு ஏலம். பாங்கியில் மீட்காமல் கிடக்கும் நகைக்கு ஏலம். எங்கே ஏலம் நடந்தாலும் அந்த மூன்று தரத்தில்தான் முடிவு.

அந்த ஏலத்தில் ஒரு வசதி உண்டு. பொருள் கண் முன்னே இருக்கும். தேங்காயைத் தட்டிப் பார்க்கலாம். மாட்டின் பல்லைப் பிடித்துப் பார்க்கலாம். ஏலம் கேட்கும் ஆளும் எதிரிலேயே நிற்பார். "ஐயாயிரம்!" என்று கத்திவிட்டுப் பின்வாங்கினால், மறுநாள் அவர் டீக்கடையில் தலைகாட்ட முடியாது. ஊர் சிரிக்கும்.

இப்போது ஏலம் செல்போனுக்குள் புகுந்துவிட்டது. பழைய பாத்திரம், தபால் தலை, நாணயம், சேலை, கார், வீடு, நிலம் எல்லாம் அதில் ஏலம் போகின்றன. விற்பவர் மதுரையில் இருப்பார். வாங்குபவர் மும்பையில் இருப்பார். பொருளைத் தொட்டுப் பார்க்க வழி இல்லை. ஆளின் முகத்தைப் பார்க்கவும் வழி இல்லை.

அப்படியானால் எதை நம்புவது?

பொருளைத் தொடும் கைக்குப் பதிலாக வந்திருப்பது போட்டோ. ஆளின் முகத்துக்குப் பதிலாக வந்திருப்பது முன்பணம். இந்த இரண்டும் ஒழுங்காக இருந்தால் ஏலம் நியாயமாக நடக்கும். இரண்டில் ஒன்று கோணினாலும் வம்புதான். வம்புக்கார ஆசாமிகளைப் பற்றிப் புலம்புகிறவர்கள் முதலில் தாங்கள் போட்ட படத்தைப் பார்க்க வேண்டும். பாதி வம்பு அங்கேதான் பிறக்கிறது.

உடைந்த பொருளுக்கும் ஆள் உண்டு

அமெரிக்காவில் 1995-ம் ஆண்டு செப்டம்பர் மாதம் பியர் ஒமிடியார் என்ற இளைஞர் இன்டர்நெட்டில் ஓர் ஏலப் பக்கத்தைத் தொடங்கினார். அதுதான் பிறகு "ஈபே" என்று உலகம் எங்கும் பெயர் பெற்றது. அதில் முதலில் விலைபோன பொருள் என்ன தெரியுமா? உடைந்துபோன லேசர் விளக்கு! விலை 14 டாலர் 83 சென்ட்.

ஒமிடியாருக்கே ஆச்சரியம். "இது உடைந்தது என்று தெரியுமா?" என்று வாங்கியவரைக் கேட்டார். "உடைந்த லேசர் விளக்குகளைச் சேர்ப்பதுதான் என் பழக்கம்" என்று பதில் வந்தது.

இதில் ஒரு பாடம் இருக்கிறது. குறையை ஒளிக்காமல் சொன்னாலும் பொருள் விலைபோகும். ஒளித்து விற்றால்தான் சண்டை வரும்.

இந்தியாவில் 2000-ம் ஆண்டு "பாஸீ" என்ற ஏலப் பக்கம் தொடங்கியது. 2004-ல் அதை ஈபே வாங்கியது. ஈபேயின் இந்தியப் பக்கம் 2018-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம் மூடப்பட்டது. கடையை மூடினார்களே தவிர, பழக்கம் நிற்கவில்லை. வாட்ஸ்அப் குழுவிலும் முகநூல் பக்கத்திலும் ஏலம் நடக்கிறது. பாங்கிகளும் கடனுக்காகக் கைப்பற்றிய வீடு, நிலங்களைக் கம்ப்யூட்டர் மூலமே ஏலம் விடுகின்றன. பொதுத்துறை பாங்கிகளின் ஏலத்துக்காக "பாங்க்நெட்" என்ற பக்கம் 2025-ம் ஆண்டு ஜனவரியில் புதிதாகத் திறக்கப்பட்டது.

விவசாயிக்கும் இது வந்துவிட்டது. மின்னணு தேசிய வேளாண் சந்தை 2016-ம் ஆண்டு ஏப்ரல் 14-ந் தேதி தொடங்கியது. திருமங்கலம் ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்திலும் இந்த முறை உண்டு. அங்கே சரக்கின் தரத்தைச் சோதித்துப் பதிவு செய்கிறார்கள். வியாபாரி இருந்த இடத்திலிருந்தே விலை போடலாம். விலை பிடிக்காவிட்டால் விவசாயி மறுக்கலாம். முகம் தெரியாத ஏலத்திலும் நம்பிக்கையை உண்டாக்க முடியும் என்பதற்கு இது சாட்சி. சோதனை முதலில், விலை பிறகு!

படம் எப்படி இருக்க வேண்டும்?

செல்லூரில் ஒரு குடும்பம் என்று வைத்துக்கொள்வோம். பரணில் பாட்டி காலத்து வெண்கலப் பானை ஒன்று கிடக்கிறது. விளிம்பில் ஒரு கீறல். அடியில் பற்றவைத்த தடம். பக்கத்தில் பாட்டியின் பெயர் வெட்டியிருக்கிறது. விற்கலாம் என்று நினைக்கிறார்கள். எப்படிப் படம் எடுப்பது?

முதலாவது, சொந்தப் படம். இன்டர்நெட்டில் கிடைக்கும் பளபளப்பான பானையின் படத்தை எடுத்துப் போடக்கூடாது. பழைய பொருளுக்குக் கம்பெனியின் விளம்பரப் படத்தைப் போடக்கூடாது என்பது ஈபேயிலும் விதி.

இரண்டாவது, பகல் வெளிச்சம். முற்றத்திலோ ஜன்னல் ஓரத்திலோ வைத்து எடுக்கலாம். பின்னால் ஒரு வெள்ளை வேட்டியைக் கட்டினால் போதும். மஞ்சள் பல்பின் கீழே எடுத்தால் பித்தளைகூடத் தங்கம் மாதிரி தெரியும்!

மூன்றாவது, அளவு. பக்கத்தில் ஓர் அடிக்கோலை வையுங்கள். தராசில் வைத்து எடையோடு ஒரு படம் எடுங்கள். அரைப்படி பானை படத்தில் அண்டா மாதிரி தெரிந்தால் வந்து சேரும் நாளில் ரகளைதான்.

நான்காவது, குறை. இதுதான் முக்கியம். கீறலைக் கிட்டத்தில் எடுங்கள். பற்றவைத்த இடத்தை எடுங்கள். வெட்டிய பெயரை எடுங்கள். "விளிம்பில் கீறல் உண்டு. அடியில் பற்றவைத்தது" என்று கீழே எழுதுங்கள். இதைப் பார்த்துவிட்டு விலை கேட்டவர், பிறகு "சொல்லவில்லையே" என்று சொல்ல முடியாது.

ஐந்தாவது, பூச்சு வேண்டாம். கலரைக் கூட்டுவது, கீறலை அழிப்பது, படத்தின் மேல் "அபூர்வப் பொருள்!" என்று எழுதுவது எல்லாம் தவறு. படத்தைச் சுற்றி பார்டர் போடுவதையும் படத்தின் மேல் எழுதுவதையும் ஈபே அனுமதிப்பதில்லை. படம் நீளவாக்கில் குறைந்தது 500 புள்ளி இருக்க வேண்டும் என்றும் அதன் விதி சொல்கிறது. மங்கலான படத்தில் குறை தெரியாது. அதற்காகவே இந்த விதி.

ஆறாவது, வேண்டாதது படத்தில் விழக்கூடாது. குழந்தையின் முகம், கதவு எண், ஆதார் அட்டை, பீரோவின் சாவி, இவை பொருளோடு சேர்ந்து ஊர் சுற்ற வேண்டாம்.

சேலை விற்பவர்களுக்கு இன்னும் கவனம் வேண்டும். மதுரைச் சுங்குடிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது 2005-ல். கையால் முடிச்சுப் போட்டுச் சாயம் ஏற்றிய சுங்குடி வேறு. புள்ளியை அச்சடித்த சேலை வேறு. இரண்டும் தூரத்துப் படத்தில் ஒன்றாகவே தெரியும். எது என்பதைக் கிட்டத்துப் படத்தோடு எழுத்திலும் சொல்லிவிடுவதுதான் நேர்மை.

ஓர் எச்சரிக்கையும் தேவை. நூறு ஆண்டுக்கு மேற்பட்ட சிலை, கலைப்பொருள் போன்றவற்றுக்கு 1972-ம் ஆண்டுச் சட்டம் உண்டு. அவற்றைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்பக்கூடாது. வியாபாரம் செய்ய லைசென்ஸ் வேண்டும். பூஜை அறையில் இருக்கும் பழைய சிலையைப் படம் எடுத்து ஏலத்தில் போடுவதற்கு முன் இதை நினைக்க வேண்டும்.

வம்புக்கார ஆசாமிகள்

படம் சரி. இனி ஆள்!

முதல் ரகம், கேள்வி கேட்டுத் துளைப்பவர். "உயரம் என்ன? எடை என்ன? அடியைக் காட்டு. மறுபடியும் காட்டு" என்பார். இவரைக் கண்டு எரிச்சல் வரும். ஆனால் இவர் வம்புக்காரர் அல்ல. கையால் தொட முடியாதவர் வாயால் தொட்டுப் பார்க்கிறார், அவ்வளவுதான். அவர் கேட்டதைப் படமாக எடுத்து எல்லோரும் பார்க்கும்படி போட்டுவிட்டால் மற்றவர்களின் சந்தேகமும் தீரும்.

இரண்டாவது ரகம், ஜெயித்த பிறகு பேரம் பேசுபவர். மூவாயிரம் என்று கேட்டு ஏலத்தை எடுத்திருப்பார். பிறகு "இரண்டாயிரத்துக்குத் தாருங்கள், இல்லாவிட்டால் வேண்டாம்" என்பார். இவரிடம் கோபம் வேண்டாம். வசவும் வேண்டாம். "ஏலம் முடிந்த விலை மூவாயிரம். இத்தனை நாளுக்குள் பணம் வராவிட்டால் ஏலம் ரத்து" என்று எழுத்தில் ஒரே வரி அனுப்பினால் போதும். டெலிபோனில் பேசியதற்குச் சாட்சி இல்லை. எழுதியதற்கு உண்டு.

மூன்றாவது ரகம், டிமிக்கி கொடுப்பவர். விலையை ஏற்றிவிட்டு மறைந்துவிடுவார். ஈபேயில் இப்படிப்பட்டவருக்கு நான்கு நாள் தவணை. அதற்குள் பணம் வராவிட்டால் விற்பவர் ரத்து செய்யலாம். திரும்பத் திரும்ப இப்படிச் செய்பவர்கள் தம் ஏலத்தில் நுழையாதபடி தடுக்கவும் வழி இருக்கிறது. வாட்ஸ்அப் குழுக்களிலும் இதையே விதியாக வைக்கலாம். இரண்டாவதாக விலை கேட்டவரிடம் அவர் கேட்ட விலைக்கே கொடுக்கலாம்.

டிமிக்கி என்பது சின்ன ஆட்களின் வேலை என்று நினைக்க வேண்டாம். 2009-ம் ஆண்டு பிப்ரவரியில் பாரிஸ் நகரில் பெரிய ஏலம் நடந்தது. சீன அரண்மனையிலிருந்து 1860-ல் கொள்ளை போன எலித் தலை, முயல் தலை வெண்கலச் சிற்பங்கள் இரண்டும் சுமார் 3 கோடியே 14 லட்சம் யூரோவுக்கு ஏலம் போயின. டெலிபோனில் ஏலம் எடுத்தவர் சாய் மிங்சாவ் என்ற சீனர். பிறகு அவர் "பணம் தர மாட்டேன். நாட்டுக்காகத்தான் கேட்டேன்" என்றார். நோக்கம் எதுவோ இருக்கட்டும். ஏலம் நின்றுபோனது. கடைசியில் 2013-ல் அந்தத் தலைகள் நன்கொடையாகச் சீனாவுக்குத் திரும்பின.

நான்காவது ரகம், விற்பவரே வைத்த ஆள். மச்சானை விட்டு விலையை ஏற்றச் சொல்வது! ஊர் ஏலத்திலும் இது உண்டு. செல்போனில் இன்னும் சுலபம். ஒரே ஆள் நான்கு பெயரில் கேட்கலாம். இது கெட்டிக்காரத்தனம் அல்ல, மோசடி.

ஐந்தாவது ரகம்தான் ஆபத்தானவர். இவர் வாங்குகிறவர் போல வந்து பணத்தைப் பறிப்பவர். "பணம் அனுப்புகிறேன், இந்தக் கட்டம் போட்ட படத்தை ஸ்கேன் செய்து ரகசிய எண்ணைப் போடுங்கள்" என்பார். போட்டால் பணம் வராது, போகும்! செல்போனில் பணம் வாங்குவதற்கு ரகசிய எண் தேவையே இல்லை. பணம் அனுப்புவதற்குத்தான் அது வேண்டும். வீட்டில் உள்ள எல்லோரும், பாட்டி முதல் பேரன் வரை, இந்த ஒரு வரியை மனப்பாடம் செய்துவிட வேண்டும்.

"பழைய நோட்டுக்கு லட்சம் தருகிறோம், முதலில் கமிஷன் கட்டுங்கள்" என்பவரும் இந்த ரகம்தான். பழைய நாணயம், நோட்டு வாங்கி விற்பதில் தனக்குச் சம்பந்தம் இல்லை, தான் யாரிடமும் கமிஷன் கேட்பதில்லை என்று ரிசர்வ் பாங்கி 2021-ம் ஆண்டு ஆகஸ்டில் எச்சரித்தது. விற்பவர் பணம் வாங்க வேண்டியவர். விற்பவரிடமே ஒருவன் பணம் கேட்டால் அவன் யார் என்று சொல்லவும் வேண்டுமா?

ஆறாவது ரகம், "உடைந்து வந்தது" என்பவர். உண்மையாகவே உடைந்தும் இருக்கலாம். அதனால் கட்டும்போதே படம் எடுத்துவைக்க வேண்டும். தபால் ஆபீசில் போட்ட எடைச் சீட்டைப் பத்திரமாக வைக்க வேண்டும். வாங்கியவரும் பார்சலைப் பிரிக்கும்போது படம் எடுப்பது நல்லது. இரண்டு பக்கமும் படம் இருந்தால் வழக்கு ஐந்து நிமிஷத்தில் தீரும்.

சட்டம் என்ன சொல்கிறது?

இது புதுச் சங்கதி, சட்டம் ஒன்றும் இல்லை என்று பலர் நினைக்கிறார்கள். அது தவறு.

சரக்கு விற்பனைச் சட்டம் 1930-ம் ஆண்டிலேயே வந்தது. வர்ணனை சொல்லி விற்றால் பொருள் அந்த வர்ணனைப்படி இருக்க வேண்டும் என்று அது சொல்கிறது. ஏலத்துக்கென்றே 64-வது பிரிவு உண்டு. ஏலம் முடிந்தது என்று அறிவிக்கும்வரை கேட்டவர் பின்வாங்கலாம். அறிவித்த பிறகு விற்பனை முடிந்தது. முன்கூட்டிச் சொல்லாமல் விற்பவர் தம் ஏலத்தில் தாமே கேட்பதோ, ஆள் வைத்துக் கேட்பதோ சட்டவிரோதம். பொய்யாக விலையை ஏற்றினால் வாங்கியவர் அந்த விற்பனையை ரத்து செய்யலாம். மச்சானை விட்டு ஏற்றுபவர்கள் கவனிக்க வேண்டும்!

படத்துக்கும் விதி வந்துவிட்டது. 2020-ம் ஆண்டு ஜூலையில் மின்வணிக விதிகளை மத்திய அரசு வெளியிட்டது. பொருளின் வர்ணனையும் படமும் பொருளின் தோற்றம், தரத்தோடு ஒத்திருக்கும் என்று, விற்பவரிடம் வியாபாரப் பக்கங்கள் உறுதிமொழி வாங்க வேண்டும். இது தொழிலாக விற்பவர்களுக்கு உரிய விதி. எப்போதோ ஒரு பானையை விற்கும் குடும்பத்தைக் கட்டுப்படுத்தாது. ஆனாலும் நியாயம் இருவருக்கும் ஒன்றுதானே?

முன்பணம் முகத்துக்குச் சமம்

வீடு, நில ஏலத்தில் டிமிக்கி கொடுத்தால் என்ன ஆகும்? பாங்கி ஏலத்தை எடுத்தவர் அன்றைக்கே, அல்லது அடுத்த வேலை நாளுக்குள், 25 சதவீதம் கட்ட வேண்டும். மீதியை 15 நாளில் கட்ட வேண்டும். எழுத்து மூலம் ஒப்புக்கொண்டால் மூன்று மாதம் வரை தவணை கிடைக்கலாம். கட்டத் தவறினால் கட்டிய பணம் போய்விடும்.

தமிழ்நாட்டில் ஒருவர் சென்ட்ரல் பாங்க் ஆஃப் இந்தியா நடத்திய ஏலத்தில் 12 கோடியே 27 லட்சம் ரூபாய்க்குச் சொத்து எடுத்தார். 25 சதவீதமான 3 கோடியே 6 லட்சத்து 75 ஆயிரம் ரூபாயைக் கட்டினார். மீதியைக் கட்ட முடியவில்லை. பாங்கி அந்தச் சொத்தை மறுபடி ஏலம் விட்டது. இந்தத் தடவை அதைவிட அதிக விலை கிடைத்தது. "பாங்கிக்கு நஷ்டம் இல்லையே, பணத்தைத் திருப்பித் தரக்கூடாதா?" என்ற கேள்வி எழுந்தது. பெரும் பகுதியைத் திருப்பிக் கொடுக்கும்படி சென்னை ஐகோர்ட்டு உத்தரவிட்டது. ஆனால் 2024-ம் ஆண்டு பிப்ரவரி 2-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு அந்த உத்தரவை ரத்து செய்தது. முழுப் பணத்தையும் பறிமுதல் செய்தது சரி என்று தீர்ப்பளித்தது.

கடுமையாகத் தெரியலாம். ஆனால் அதில் காரணம் இருக்கிறது. விளையாட்டாக விலை கேட்பவர்களால் ஏலமே கெட்டுப்போகும். அப்போது உண்மையாக வாங்க வந்தவரும் ஏமாறுவார். கடன்பட்டுச் சொத்தை இழக்கும் குடும்பத்துக்கும் சரியான விலை கிடைக்காது.

ஆகவே திருநகரிலோ கூடல்நகரிலோ ஒரு வீடு ஏலத்துக்கு வருகிறது என்று படத்தைப் பார்த்து மயங்க வேண்டாம். அந்த ஏலங்களில் "உள்ளது உள்ளபடி" என்று ஒரு வாசகம் இருக்கும். சுவரில் வெடிப்பு இருந்தாலும், உள்ளே யாராவது குடியிருந்தாலும் அது வாங்குபவர் தலையில்தான். பார்வையிடக் கொடுத்த நாளில் நேரில் போய்ப் பார்க்க வேண்டும். வில்லங்கச் சான்று எடுக்க வேண்டும். கடன் வாங்கி வாங்குபவர், கடன் கிடைக்குமா என்று கேட்டுக்கொண்டு பிறகு விலை கேட்க வேண்டும். தாலியை அடகு வைத்துக் கட்டிய முன்பணம் பறிபோனால் எந்தக் கோர்ட்டுக்குப் போவது?

செய்ய வேண்டியவை

ஏலம் நடத்தும் அமைப்புகளுக்கும் கடமை உண்டு. ஏழைக் குடும்பமும் பங்கு கொள்ளும் ஏலத்தின் விதிகள் தமிழில், பெரிய எழுத்தில் இருக்க வேண்டும். வீட்டு ஏலமானால் வாசல் படம் மட்டும் போதாது. உள்ளே இருக்கும் வெடிப்பும் ஒழுகலும் படத்தில் வர வேண்டும். "உள்ளது உள்ளபடி" என்று எழுதினால், உள்ளதை உள்ளபடி காட்டவும் வேண்டும்!

குழு வைத்து ஏலம் நடத்துபவர்கள் மூன்று விதி வைத்தால் போதும். குறையின் படம் இல்லாத பொருளுக்கு ஏலம் இல்லை. சிறு முன்பணம் கட்டாதவருக்கு விலை கேட்க உரிமை இல்லை. ஆள் வைத்து ஏற்றியவருக்கு மறுபடி இடம் இல்லை.

ஏமாந்தவர் வெட்கப்பட்டு மூலையில் உட்காரக்கூடாது. பணம் பறிபோனால் உடனே 1930 என்ற எண்ணுக்குப் போன் செய்ய வேண்டும். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ அவ்வளவுக்குப் பணத்தை நிறுத்த வாய்ப்பு அதிகம். கடைக்காரர் காட்டியது ஒன்று, அனுப்பியது ஒன்று என்றால் நுகர்வோர் உதவி எண் 1915 இருக்கிறது. மாவட்ட நுகர்வோர் ஆணையமும் இருக்கிறது. ஏலச் சட்டம் வந்த ஆண்டும் 1930. மோசடியைச் சொல்லும் போன் எண்ணும் 1930. நினைவில் வைப்பது சுலபம்!

ஊர் ஏலத்தில் நேர்மையைக் காத்தது சட்டம் மட்டும் அல்ல. நாலு பேர் என்ன சொல்வார்கள் என்ற பயமும் காத்தது. செல்போன் ஏலத்தில் அந்த நாலு பேர் இல்லை. அதனால் விற்பவர் குறையைத் தாமே காட்ட வேண்டும். வாங்குபவர் கேட்ட விலைக்குத் தாமே கட்டுப்பட வேண்டும்.

செல்லூர்ப் பானைக்கு ஆயிரம் ரூபாய் குறைவாகவே கிடைக்கட்டும். பாட்டியின் பெயர் வெட்டிய பானை அது. அதைப் பொய் சொல்லி விற்க வேண்டாம்.